வாயில்லா ஜீவனும் கைமருந்தும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி)

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. வாயில்லாத பிள்ளை என்ன செய்யும்? தனக்கு எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, கொடுத்த மருந்து கேட்டதா இல்லையா என்று அதனால் எடுத்துச் சொல்ல இயலாது. அதற்காக நாம்தான் பேசுகிறோம். நாம் பேசுவது சரிதானா என்று நம்மைக் கேட்பார் எவருமில்லை. இந்த எண்ணம் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. அதை இறக்கி வைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு செங்கோட்டையில் இருக்கிறது. அப்பா லாரிகளில் சுமை ஏற்றி இறக்குபவர். அம்மா பீடி சுற்றுவாள். கூடவே ஒரு கறவைப் பசுவையும் பராமரித்து வருகிறாள். ஆச்சி பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேஷன் கடைப் படிவம் முதல் கண் சொட்டு மருந்து வரை எல்லாவற்றையும் என்னிடம் நீட்டி, "நீதான் படிக்கிறியே, பாத்துச் சொல்லு" என்பார்கள். பட்டம் வாங்கும் முன்பே என்னைப் பட்டதாரி ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெருமை எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் முதலாண்டு படித்தபோது, ஐப்பசி மழை நாளொன்றில், தெருவோரம் நனைந்து கிடந்த நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தேன். மணி என்று பெயரிட்டோம். கல்லூரியிலிருந்து நான் திரும்பும் நேரம் அதற்கு எப்படியோ தெரியும். தெருமுனையிலேயே வந்து நிற்கும். வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை பாலைத் தொடவில்லை. மதியம் வாந்தி எடுத்தது. மாலையில் இரத்தம் கலந்து கழிந்தது.

நான் கைப்பேசியை எடுத்துத் தேடினேன். இயற்கை மருத்துவம் என்ற பெயரில் ஒருவர் அழகாகப் பேசினார். ஊசியும் மாத்திரையும் நஞ்சு, மாதுளைத் தோல் கஷாயமும் மஞ்சள் கலந்த மோரும் கொடுத்தால் இரண்டே நாளில் எழுந்து ஓடும் என்றார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானோர் நன்றி தெரிவித்திருந்தனர். நான் கஷாயம் காய்ச்சினேன்.

என்னைத் தடுத்தவள் யார் தெரியுமா? வாழ்நாளெல்லாம் கைமருந்தே செய்துவந்த எங்கள் ஆச்சிதான். குட்டியின் அருகே குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இது நான் பாத்த கழிச்சல் இல்ல. நாத்தமே வேற மாதிரி இருக்கு. கைமருந்துக்கு அடங்காது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்றாள். நான், "விலங்கியல் படிக்கிறது நானா நீயா ஆச்சி?" என்று கேட்டேன். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படிக்கிற பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மணி இறந்தது. நான் ஊற்றிய கஷாயம் அதன் வாயோரத்தில் காய்ந்திருந்தது.

அது பார்வோ என்னும் வைரஸ் நோயாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் அறிந்தேன். 1978-இல் உலகின் பல பகுதிகளில் நாய்களிடையே திடீரெனத் தோன்றிப் பரவிய நோய் அது. குடலின் உள் உறையை அது அரித்துவிடுகிறது. குட்டி பெரும்பாலும் இறப்பது உடலின் நீர் வற்றுவதாலும், அரிந்த குடல் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலப்பதாலும்தான். கவனிப்பாரற்று விட்டால் பெரும்பாலான குட்டிகள் மடிந்துவிடும். காலத்தில் கொண்டுபோய் நரம்பு வழியே நீர் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டிப் பருவத்தில் போடும் தடுப்பூசியாலேயே அந்நோயைத் தவிர்க்கலாம். மாதுளைத் தோல் ஒரு பாவமும் செய்யவில்லை. வாந்தி எடுக்கும் குட்டியின் வயிற்றில் எந்தக் கஷாயமும் தங்காது. நான் வீணாக்கிய இரண்டு நாள்கள்தாம் அதைக் கொன்றன.

துயரம் மனிதரை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிவிடும். அதன் பிறகு பச்சிலை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றாலத்தில் சாரல் காலத்து மூலிகைக் கடைகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆச்சி எதையாவது இடித்தால், "எல்லாம் மூடநம்பிக்கை" என்பேன். அவள் மறுமொழி சொல்வதில்லை. மணியைப் பற்றியும் அவள் ஒருநாளும் ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை.

இந்நிலையில்தான் இவ்வாண்டு ஆனி மாதம் எங்கள் பசு லட்சுமிக்கு மடி வீங்கியது. ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. அந்தப் பால் பணத்தில்தான் என் தேர்வுக் கட்டணமும் புத்தகங்களும். அம்மா பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேவிட்டாள். ஆச்சி பேசாமல் சென்று சோற்றுக்கற்றாழை மடல் ஒன்றைக் கொண்டு வந்தாள். நான், "தொடாதே ஆச்சி" என்று கத்திவிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன்.

மருத்துவர் ஐயா வந்து வெப்பமானியை வைத்துப் பார்த்தார். பசுவுக்கு இயல்பான வெப்பம் ஏறக்குறைய 101.5 டிகிரி பாரன்ஹீட். லட்சுமிக்குக் காய்ச்சல் இல்லை. பிறகு நான்கு குழிகள் உள்ள தட்டு ஒன்றில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, ஒரு கரைசலை ஊற்றிச் சுழற்றினார். மூன்று குழிகளில் பால் பாலாகவே இருந்தது. ஒன்றில் மட்டும் கோழைபோல் திரண்டது. 1957-இல் வகுக்கப்பட்ட கலிபோர்னியாச் சோதனை இது. நோயுற்ற மடியில் இரத்த வெள்ளணுக்கள் பெருகுகின்றன. சோப்புத் தன்மையுள்ள கரைசல் அவற்றை உடைக்க, உள்ளிருந்து வெளிப்படும் டி.என்.ஏ. பாலைக் கோழையாக்குகிறது. வகுப்பில் ஏட்டளவில் படித்த டி.என்.ஏ.வை எங்கள் தொழுவத்தில் என் கண்ணால் கண்டேன்!

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைத் திகைக்க வைத்தது. "வீட்டில் சோற்றுக்கற்றாழை இருக்கிறதா?" என்றார். ஆச்சியின் கையிலிருந்த மடலைக் கண்டு சிரித்துக்கொண்டே, அம்மாவிடம் முறையைச் சொன்னார். கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, வேண்டும்போது ஒரு கைப்பிடி எடுத்து நீரில் கரைத்து, கெட்டுப்போன பாலை முழுதும் பீய்ச்சி வெளியேற்றி, மடியைக் கழுவிய பின் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள். காய்ச்சல் கண்டாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, மூன்றாம் நாள் வீக்கம் குறையாவிட்டாலோ உடனே தம்மிடம் வர வேண்டும் என்றும், அப்போது ஊசி போடுவதாகவும் கூறினார்.

அவர் சொன்ன முறை அவராகக் கண்டுபிடித்தது அன்று. 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் மரபுவழிக் கால்நடை மருத்துவத்தை எடுத்து ஆராய்ந்து, அளவு வரையறுத்து உழவர்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். தேசியப் பால்வள வாரியமும் இம்முறையைப் பல மாநிலங்களில் பரப்பி வருகிறது. இதற்கு ஒரு காரணமும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால் குறிப்பிட்ட நாள்களுக்குப் பாலை விற்கக் கூடாது. மருந்து பாலில் கலந்து வரும். தேவையின்றி அடிக்கடி போட்டால் கிருமிகள் அம்மருந்துக்கே பழகிவிடும். லேசான நோயை ஊசியின்றித் தீர்க்க முடியுமானால் எவ்வளவு நன்று!

அம்மியில் அரைத்தபோது மஞ்சள் சுண்ணாம்புடன் சேர்ந்து செக்கச் சிவந்தது. "ஆலத்தி சுத்துற நெறம் பாத்தியா" என்றாள் ஆச்சி. எனக்கோ வேதியியல் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தில் சிவப்பாக மாறும். இருவரும் ஒரே நிறத்தைத்தான் பார்த்தோம். இருவர் சொன்னதும் உண்மைதான்.

நான் ஒரு பழைய ரிக்கார்டு நோட்டை எடுத்துக் கோடு போட்டு, தேதி, வெப்பம், தீவனம், பாலின் அளவு, திரி உண்டா இல்லையா என்று காலையும் மாலையும் குறித்தேன். இரண்டாம் நாள் மாற்றமில்லை. மூன்றாம் நாள் வீக்கம் தணிந்தது. ஐந்தாம் நாள் பால் தெளிந்தது. மருத்துவர் ஐயா மறுபடியும் தட்டில் ஊற்றிப் பார்த்தார், கோழை இல்லை. "கைமருந்து வேலை செய்துவிட்டது ஐயா!" என்று குதித்தேன்.

அவர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நன்றாக எழுதியிருக்கிறாய் அம்மா. ஆனால் எத்தனை மாடு?" என்றார். "ஒன்று" என்றேன். "பூசாமல் விட்டிருந்தால் இந்த மாடு என்ன ஆகியிருக்கும்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. "எனக்கும் தெரியாது. லேசான மடிநோயில் ஒரு பங்கு தானாகவே ஆறிவிடும். பாலை ஒட்டக் கறந்ததும் மடியைப் பத்து முறை கழுவியதும்கூட உதவியிருக்கலாம். பலபேர் கைகண்ட முறை, மடிக்குக் கேடு செய்யாது, செலவும் குறைவு என்பதால் சொன்னேன். ஒரு மாட்டை வைத்து நீ தீர்ப்பு எழுதிவிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மணிக்குக் கஷாயம் கொடுக்கச் சொன்னவருக்கு நன்றி எழுதியிருந்த நூற்றுக்கணக்கானோர் நினைவுக்கு வந்தனர். அவர்கள் பொய் சொன்னதாக நான் எண்ணவில்லை. பிழைத்த குட்டியின் சொந்தக்காரர் நன்றி எழுதுகிறார். செத்த குட்டியின் சொந்தக்காரி என்ன எழுதுவாள்? நான் ஒன்றும் எழுதவில்லையே! என்னைப் போல் எத்தனை பேர் வாய்மூடி இருந்தார்களோ! சாதாரண வயிற்றுப்போக்கு எந்த மருந்துமின்றி இரண்டு நாளில் நின்றுவிடும். அந்த இரண்டு நாளில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் புகழ் சேரும்.

இதற்கு வழி கண்டவர்கள் உண்டு. 1881-ஆம் ஆண்டு மே மாதம், பிரான்சு நாட்டில் புயி-லெ-ஃபோர் என்ற சிற்றூரில், லூயி பாஸ்டர் ஊரறிய ஒரு சோதனை நடத்தினார். 24 செம்மறி ஆடுகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் சில மாடுகளுக்கும் அடைப்பான் நோய்க்கான தடுப்பூசி போட்டார். அதே எண்ணிக்கையில் வேறு 24 செம்மறிகளையும் ஒரு வெள்ளாட்டையும், சில மாடுகளையும் ஊசி போடாமல் வைத்தார். பிறகு அனைத்துக்கும் உயிருள்ள கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ஆம் நாள் கூட்டம் திரண்டு வந்து பார்த்தது. ஊசி போடாத ஆடுகள் செத்தும் சாகும் நிலையிலும் கிடந்தன. ஊசி போட்டவை நின்று மேய்ந்தன. அந்த ஊசி போடாத ஆடுகள் இல்லாதிருந்தால் பாஸ்டரின் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மந்தை வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

ஒப்பிட்டால் மட்டும் போதாது. பார்க்கும் கண்ணையும் ஐயுற வேண்டும். மூட்டுவலியால் நொண்டும் நாய்களைப் பற்றிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 2012-இல் வெளியானது. அந்நாய்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை தரப்பட்டது. கால் தரையில் ஊன்றும் விசையை ஒரு கருவி அளந்தது. கருவி முன்னேற்றம் இல்லை என்று காட்டிய வேளைகள் பலவற்றில், வளர்ப்பவர்கள் முன்னேற்றம் இருப்பதாகவே கூறினார்கள். கால்நடை மருத்துவர்களும் இதற்கு விலக்காகவில்லை. அன்பு கண்ணை மறைக்கும் என்பது பழமொழி அளவில் நமக்குத் தெரிந்ததுதான். அதை அளந்து காட்டிவிட்டார்கள். விலங்குக்கு நம்பிக்கை ஏது, எனவே அதற்குக் குணமானால் அது மருந்தின் குணம்தான் என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்பிக்கை விலங்குக்கு இல்லாதிருக்கலாம். அதற்காகப் பேசும் நமக்கு இருக்கிறதே!

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கைமருந்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பசும்புல்லை அதிகம் மேய்ந்து வயிறு உப்பிய மாட்டுக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ புகட்டுவார்கள். இது மெய்யான வைத்தியம். வயிற்றில் நுரையாகச் சிக்கிய வாயுவின் குமிழிகளை எண்ணெய் உடைக்கிறது. ஆனால் தலையைத் தூக்கிப் பிடித்து அவசரமாக ஊற்றினால் நுரையீரலில் இறங்கி மாட்டைக் கொல்லும். நாய்ச் சொறிக்குக் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதும் அறிவுக்கு ஒத்ததே. சொறிப் பூச்சியைக் கந்தகம் கொல்லும். அதே சொறிக்கு ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலைப் பூசுகிறார்களே, அது கொடுமை. நாய் அதை நக்கும்; தோலும் குடலும் வேகும். வீங்கிய காலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதோ புண்ணின் மேல் புண்.

சர்க்கரை உருண்டை மருந்தைப் பற்றியும் கேட்டார்கள். ஹோமியோபதியில் 30சி என்று குறித்திருப்பது, நூற்றில் ஒன்றாகக் கரைப்பதை முப்பது முறை செய்தது என்று பொருள். அதாவது ஒன்றுக்குப் பின் 60 சுழிகள் கொண்ட எண்ணில் ஒரு பங்கு. அவகாட்ரோ எண்ணில் 23-ஆம் அடுக்கு வரைதான் உண்டு என்று துணைப்பாடத்தில் படித்திருக்கிறோம். அவ்வுருண்டையில் மருந்தின் ஒரு மூலக்கூறாவது இருக்கும் என்று எதிர்பார்க்கக் கணக்கு இடம் தரவில்லை. கெடுதல் செய்யாதே என்பார்கள். என் கஷாயமும் கெடுதல் செய்யவில்லை, காலத்தைத்தான் தின்றது.

அதற்காகப் புதிய மருந்தெல்லாம் புனிதம் என்றும் சொல்லமாட்டேன். மாடுகளுக்கு வலி நீக்கப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால், அம்மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்த நம் நாட்டில் தடை விதித்தார்கள். பச்சிலையிலிருந்து உலகுக்கு மருந்து தந்ததற்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றார் சீனத்து அம்மையார் து யூயூ. மலேரியாவுக்கான மருந்தைப் பழைய வைத்திய ஏட்டின் துணையோடு ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்தவர் அவர். நம்மிடமும் மாட்டு வாகடம் என்ற பெயரில் ஏடுகள் உண்டு. யானைக்குப் பாலகாப்பியரும் குதிரைக்குச் சாலிகோத்திரரும் வைத்தியம் வகுத்ததாக மரபு கூறுகிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த எங்கள் ஊரில் மலையாள நாட்டு மூலிகை முறைகளும் கலந்தே வந்தன. இவற்றில் எது நெல், எது பதர் என்று புடைத்துப் பார்ப்பதே நம் போன்றோர் கடமை. அந்தச் சுளகுதான் ஒப்பீட்டுச் சோதனை.

ஓரிடத்தில் மட்டும் சோதனைக்கே இடமில்லை. வெறிநாய் கடித்தவருக்குப் பச்சிலை அரைத்துக் கட்டுவதும் மந்திரிப்பதும் இன்னும் ஓயவில்லை. கடித்த நாய்க்கெல்லாம் வெறி இருப்பதில்லை. அதனால் பச்சிலை கட்டியவர் பலர் பிழைத்திருக்கலாம். ஆனால் நோய்க்குறி தோன்றிவிட்டால் மனிதராயினும் விலங்காயினும் பிழைப்பது அநேகமாக இல்லை. பாஸ்டர் 1885-இல் காட்டிய வழி நமக்கு இருக்கிறது. குன்னூரில் 1907-லேயே அதற்கென நிலையம் தோன்றிவிட்டது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்வதே வழி. நண்பர்களே, உங்கள் தெருவில் ஒருவருக்காவது இதைச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இன்னொரு நாய்க்குட்டி இருக்கிறது. வந்த முதல் வாரமே மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்று தடுப்பூசி போட்டேன். தூக்கிக்கொண்டு கூட வந்தவள் ஆச்சிதான். வழியில், "ஆச்சி, மணிக்கு அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றேன். ஓராண்டாக என் தொண்டையில் நின்ற சொல் அது. அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே, "எனக்கு மட்டும் என்னட்டி தெரியும்? நாத்தம் வேறயா இருந்துச்சு, அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னேன்" என்றாள்.

மூன்றாண்டுப் படிப்பில் நான் கற்க வேண்டியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அந்தப் பழைய நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் லட்சுமியின் ஐந்து நாள்கள். அடுத்த பக்கத்தில் தெருவிலுள்ள மற்ற மாடுகளின் பெயர்களை எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். யார் வீட்டு மாட்டுக்கு மடி வீங்கினாலும், பூசியவை, பூசாதவை, ஊசி போட்டவை என்று குறித்துக்கொள்ள எண்ணம். வீட்டில் ஏதேனும் கேட்டால், "பாத்துச் சொல்றேன்" என்கிறேன். இப்போது உண்மையாகவே பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.